ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணீர்

"இன்னைக்கும் நிறுத்திப்போட்டான் பாத்தீங்களா?" சின்னண்ணன் பக்கத்து சீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தார்.

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் அந்தத் தனியார் பஸ், ரோட்டோரத்தில் ஒற்றையாக இருக்கும் கமலவேணியின் வீட்டு முன்னால் நின்றது. அங்கே ஸ்டாப்பிங்கே கிடையாது. சித்திரை பிறந்ததிலிருந்து, இரண்டு மாதமாகத் தினமும் காலையில் இந்தக் கூத்துதான்.

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தோணுங்க. அஞ்சே நிமிசம். எறங்கறவங்க எறங்கிக்கலாங்க," என்றபடி டிரைவர் தங்கமுத்து இறங்கினான்.

கமலவேணி குடத்தோடு வந்தாள். புருஷன் இல்லாதவள். தங்கமுத்து ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள்.

சின்னண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, வழியில எத்தனை பெட்ரோல் பங்க் இருக்குது? அங்கெல்லாம் கிடைக்காத தண்ணியா இவ ஊட்டுல கிடைக்குது?"

வேவு பார்க்கிற சாக்கில் அவரும் இறங்கினார். நேராக வீட்டுக்குப் பின்னால் இருந்த கக்கூஸுக்குத்தான் போனார். தினமும் போவார். வாளியில் தண்ணீர் நிறைந்திருக்கும். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வேறு. எல்லாம் அந்த டிரைவர் காசாகத்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

போகாமல் இருக்கவும் முடியாது. வயது அறுபத்து மூன்று. புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, அடக்கி வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல்தான் மாத்திரை முழுங்கிக்கொண்டிருந்தார். பங்குனியில் ஒருநாள், நாமக்கல் வருவதற்குள் சீட்டிலேயே வேட்டி நனைந்துபோனது. மனுஷன் சட்டென்று பாட்டில் தண்ணீரை மடியில் கவிழ்த்து, "அட, மூடி கழண்டு போச்சு" என்று சமாளித்துவிட்டார். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை, மானம் தப்பியது என்று நிம்மதியாக இருந்தார்.

ஒருநாள் உட்கார்ந்து பஸ் முதலாளிக்கு மனு எழுதினார். 'டிரைவரின் ஒழுக்கக்கேடு' என்று தலைப்பு. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளி கறார் ஆசாமி. காகிதம் கைக்குப் போனால் தங்கமுத்துவுக்கு அன்றைக்கே வேலை போய்விடும். கமலவேணி பேரும் ஊர் வாயில் விழும். விழட்டுமே, அவருக்கென்ன?

அதற்குள் மச்சினன் மகள் கல்யாணம் வந்துவிட்டது. ஜலகண்டாபுரத்தில் இரண்டு நாள் தங்கல். மூன்றாம் நாள் பஸ் ஏறியதும், முன் சீட்டில் கீரைக்கூடையோடு இருந்த அத்தாயியிடம் மனுவை நீட்டினார்.

"நீயும் ஒரு கையெழுத்துப் போடு அத்தாயி. நான் இல்லாத ரெண்டு நாளும் கேக்க ஆளில்லாம ஆடியிருப்பானே. எத்தனை நேரம் நிறுத்துனான்?"

"நிறுத்தவே இல்லீங்களே."

"என்னது?"

"ரெண்டு நாளும் நேராப் போயிட்டாருங்க. நாங்கூடக் கேட்டனுங்க, ஏந்தம்பி வண்டிக்குத் தண்ணி வேண்டாமான்னு. மேல இருக்கற கண்ணாடியில உங்க சீட்டை ஒருக்காப் பாத்தாரு. 'இன்னைக்கு வேண்டாங்கக்கா'ன்னுட்டாரு."

சின்னண்ணன் நிமிர்ந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் பஸ் முழுக்கத் தெரிந்தது. பங்குனியில் அவர் பாட்டிலைக் கவிழ்த்த மூன்றாவது சீட்டும் தெரிந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"இதுல எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?" அத்தாயி கேட்டாள்.

"வேண்டாம். இது வேற காகிதம்." பிடுங்கிக் கசக்கி மடியில் செருகிக்கொண்டார். அடிவயிறு முட்ட ஆரம்பித்திருந்தது.

கமலவேணி வீட்டு முன்னால் பஸ் நின்றது.

தங்கமுத்து கண்ணாடியைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பவும் இல்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தோணுங்க. அஞ்சே நிமிசம். எறங்கறவங்க எறங்கிக்கலாங்க."