கேட்டது முன்னூறு

நாற்காலி வாடகைக்கு விடும் முதலாளி இரண்டு முறை நகராட்சித் தலைவராக இருந்தவர். மூன்றாவது முறை ஜெயிப்பது கஷ்டம் என்று ஊரே பேசியது. எதிர்த்து நிற்கும் டாக்டருக்கு அவ்வளவு நல்ல பெயர்.

அந்த டாக்டரின் கூட்டத்துக்கே நாற்காலி கேட்டு ஆள் வந்ததும் மேனேஜருக்குச் சுருக்கென்றது.

"முன்னூறு வேணுமாம்ணே. இல்லைன்னு சொல்லிடவா?"

"சேச்சே! ஆயிரம் அனுப்பு. முன்னூறுக்கு மட்டும் வாடகை வாங்கு."

"எதிரிக்குப் போய் இப்படி வாரிக் கொடுக்கறீங்களே! உங்களுக்கு என்னண்ணே ஆச்சு?"

"பாவம், வர்ற ஜனங்க நின்னுக்கிட்டா கேப்பாங்க? நீயே போய்ப் போட்டுட்டு வா."

மேனேஜருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போய்ப் போட்டார்.

கூட்டத்துக்கு நானூறு பேர் வந்தார்கள். டாக்டர் மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க முதலாளி மனசு யாருக்கு வரும்!"

மறுநாள் காலை முதலாளி பேப்பரை மேஜைமேல் விரித்தார். முதல் பக்கத்தில், மைதானத்தின் பின்னாலிருந்து எடுத்த பெரிய படம். தூரத்து மேடையில் டாக்டர் கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். படம் முழுக்கக் காலி நாற்காலிகள்.

மேனேஜர் குனிந்து படத்தைப் பார்த்தார்.

"வரிசை நூல் பிடிச்ச மாதிரி இருக்குப்பா," என்றார் முதலாளி.