சிவப்புக் குடை

"இன்னும் எத்தனை நேரம் ரத்னாபாய்? மத்த தளத்துல எல்லாம் செய்தி வந்து ஆறியே போச்சு!"

விஜயலக்ஷ்மி போட்ட சத்தத்தில், கழக்கூட்டத்தில் இருக்கும் அந்தச் செய்தித் தள ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. ரத்னாபாய் மட்டும் நிமிரவில்லை. இரண்டே விரலால் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பத் தீரும் மேடம். படத்துக்கு விவரம் எழுதுறேன் கேட்டோ" என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

ஒரு மாதமாக இதே பாட்டுத்தான். செய்தித் தளத்தில் ஏற்றுகிற ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், திரையில் தெரியாத இடத்தில், அதில் என்ன இருக்கிறது என்று நாலு வரி எழுதுவார் இந்த அம்மாள். கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரைப் பேசவைத்துச் செய்தி கேட்கிறார்களாம். படம் வந்தால் அது ஊமையாகிவிடுகிறதாம்.

"யார் கேட்டாங்க இதை?"

"ஒரு வாசகர் மெயில் போட்டாரு மேடம். பேரு எழுதல்ல. 'படம், படம்'னு மட்டும் சொல்லுது, என்ன படம்னு யாரும் சொல்லித் தரல்லன்னு எழுதியிருந்தாரு. வாசிச்சப்போ சங்கடமாயிட்டு."

"ஒரே ஒரு ஆளு! அவருக்காக தினம் பத்து நிமிஷம் லேட்டு. மேலிடத்துல என்னைப் பிடிச்சு உலுக்கறாங்க!"

ரத்னாபாயின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று விஜயலக்ஷ்மிதான் எழுதித் தரவேண்டும். 'வேண்டாம்' என்று அடித்த காகிதம் டிராயரில் தயார். கையெழுத்துதான் பாக்கி. பாவம், முன்பு வேலை பார்த்த அச்சகத்தை மூடியபிறகு இங்கே வந்து ஒட்டிக்கொண்டவர்தான். அதற்காகப் பாவம் பார்த்தால் ஆபீஸ் நடக்குமா?

அன்று பள்ளிக்கூடம் திறக்கிற நாள். கொட்டுகிற மழை. முகப்புக்கு ரத்னாபாய் எடுத்து வைத்திருந்த படத்தில், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரே சிவப்புக் குடைக்குள் ஓர் அண்ணனும் தங்கையும்.

"சே, எல்லாரும் போடற குடைப்படம்! தள்ளுங்க." விஜயலக்ஷ்மி தானே உட்கார்ந்து படத்தை மாற்றினாள். மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு குட்டிப்பெண், தன்னந்தனியாக.

"பழைய விவரம் அப்படியே கிடக்கு மேடம். அதையும் மாத்தி..."

"கிடக்கட்டும்! யார் கேக்கப்போறாங்க?" என்று பட்டனைத் தட்டி ஏற்றியும் விட்டாள்.

கால் மணி நேரத்தில் செல்போன் அடித்தது. கரமனையிலிருந்து அப்பா. சேஷனுக்கு எழுபத்தாறு வயசு. தனியாகத்தான் இருக்கிறார். மகளின் தளத்தை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு அவளுக்கு நாலு வார்த்தை சொன்னால்தான் காலைக் காபியே உள்ளே இறங்கும்.

"விஜி, பாத்துட்டேன்டி! இன்னிக்குப் படம் அமர்க்களம்!"

"கண்ணு எப்படிப்பா இருக்கு? டாக்டர்கிட்ட நானும் வரேன்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு, வரவே முடியலை..."

"எனக்கென்னடி கேடு? பளிச்னு தெரியறது. லீவு கீவு போட்டுண்டு வந்து நிக்காதே. அந்தச் சிவப்புக் குடை இருக்கே, அடடா! அண்ணாக்காரன் குடையைத் தங்கை பக்கமே சாச்சுப் பிடிச்சுண்டு, தான் நனைஞ்சுண்டு நிக்கறான் பாரு. கண்ணை எடுக்க முடியலை போ!"

விஜயலக்ஷ்மி திரையைப் பார்த்தாள்.

மஞ்சள் மழைக்கோட்டு. தனியாக ஒரு பெண். குடையே இல்லை. அந்தக் குடைப்படம் ஆபீஸை விட்டு வெளியே போகவே இல்லை. போனது ரத்னாபாய் எழுதிய விவரம் மட்டும்தான்.

அப்பா படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தே ஒரு மாதம்தான் ஆகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீயும் பாத்தியோடி அந்தக் குடையை?"

"ஆமாம்பா... ரொம்ப அழகா இருக்கு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மழையில்லையா, ஜலதோஷம். சாயங்காலம் அங்கே வரேம்பா."

"வேலையை விட்டுட்டா? எதுக்குடி?"

"சும்மாதான். உங்களைப் பாக்கணும்."

போனை வைத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிராயரைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டாள்.

"ரத்னாபாய், அந்தச் சிவப்புக் குடைப்படத்தையே திரும்பப் போட்டுடுங்க."

"அய்யோ, இப்பத்தானே மேடம் மாத்தினீங்க? எதுக்கு?"

"எங்க அப்பா அதைப் பார்த்துட்டார்."