பெட்டி உள்ளே வரக் கூடாது

"அங்கேயே நில்லு! பெட்டியைத் தரையில வைக்காதே!"

கதவைத் திறந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தையே அதுதான். பாரிஸிலிருந்து ராத்திரி முழுக்க விமானத்தில் உட்கார்ந்து, பிறகு பஸ் பிடித்து, தென் கொரியாவின் சுவோன் நகரத்து அடுக்குமாடி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தாள் இன்யங். அணைக்க நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டாள்.

"என்னம்மா, ரெண்டு வருஷம் கழிச்சு வர்றேன். கட்டிக்கக்கூட மாட்டியா?"

"நீதானே போன வாரம் சொன்ன, தங்கின ரூம்ல மூட்டைப்பூச்சி கடிச்சு முதுகெல்லாம் தடிச்சுப் போச்சுன்னு? டிவியைப் போட்டா அதே பேச்சுதான். ஒண்ணு உள்ள நுழைஞ்சாலும் போச்சு. இன்னிக்கு உன் சித்தப்பா குடும்பம் வேற இங்க வந்து தங்குது. ஷூவைக் கழற்று."

அம்மா முகக்கவசம் போட்டிருந்தாள். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் பெட்டியை அப்படியே இறக்கி, வாயை இறுக்கிக் கட்டி, பால்கனிக்கு இழுத்துப் போனாள். இன்னொரு பையோடு திரும்பி வந்தாள்.

"கோட்டு, சால்வை, எல்லாத்தையும் இதுல போடு. டிரையர்ல நல்லா சூடு காட்டணும். போனையும் குடு."

"போன்லயுமா பூச்சி இருக்கும்?"

"உறைக்குள்ள ஒளிஞ்சுக்குமாம். குடு."

விமானத்திலேயே சார்ஜ் தீர்ந்துபோன போன். இன்யங் சலிப்போடு கொடுத்தாள். அப்போதுதான் அம்மாவின் கண்களைக் கவனித்தாள். சிவந்து வீங்கியிருந்தன.

"தூங்கலையாம்மா?"

"விடிய விடிய வீடு பூரா மருந்து அடிச்சேன். கண்ணு எரியுது."

"அப்பா எங்க? ஏர்போர்ட்டுக்கு வர்றேன்னு சொன்னாரே. வழி பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்துப்போச்சு."

"உன் அண்ணன் அவர் கூடவே இருக்கான். நீ சாப்பிட்டதும் நாமளும் அங்கதான் போறோம்."

"ஓ, வெளியில விருந்தா? அப்புறம் இங்க எதுக்குச் சாப்பாடு?"

"அங்க ஒரே கூட்டமா இருக்கும். உன்னால சாப்பிட முடியாது."

இன்யங்குக்கு எரிச்சல் பொங்கியது. பசி, தூக்கக் கலக்கம், இப்போது இந்தக் கெடுபிடி வேறு.

"அப்பா வீட்டுல இருந்திருந்தா என்னை இப்படி வாசல்ல நிக்க வச்சிருப்பாரா? பூச்சியாவது ஒண்ணாவதுன்னு தூக்கிட்டுப் போயிருப்பாரு. உனக்குப் பொண்ணை விட வீடுதான் முக்கியம்!"

பையைக் கட்டிக்கொண்டிருந்த கை சற்று நின்றது. அம்மா முடிச்சை இறுக்கினாள்.

"குளிச்சுட்டு வா. வெந்நீர் போட்டிருக்கேன்" என்றாள்.

குளித்துவிட்டு, அம்மாவின் பழைய உடுப்பொன்றை மாட்டிக்கொண்டு வந்தபோது, சோயா விழுதுக் குழம்பு மேசையில் கொதித்துக்கொண்டிருந்தது. சோறு, வறுத்த மீன், முள்ளங்கி கிம்ச்சி. முதல் கவளத்திலேயே இன்யங்கின் கோபம் பாதி கரைந்தது. அம்மா முள் நீக்கிய மீனை அவள் சோற்றின் மேல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ சாப்பிடலையா?"

"நான் அப்புறம். நீ சாப்பிடு. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

"போதும்மா, வயிறு வெடிச்சிரும்."

"இந்த ஒரு கிண்ணம் மட்டும். எனக்காக."

இன்யங் அதையும் சாப்பிட்டாள். பால்கனியில் டிரையர் ஓடி முடிந்து நின்றது.

"நான் கத்துனதை மனசுல வச்சுக்காதம்மா. ஏதோ அலுப்புல சொல்லிட்டேன். இப்பவாவது கட்டிக்கலாமா?"

அம்மா முகக்கவசத்தைக் கழற்றினாள். மகளை இழுத்து அணைத்தாள். அந்த அணைப்பு இன்யங் எதிர்பார்த்ததை விட இறுக்கமாக இருந்தது, நெடுநேரம் தளரவுமில்லை.

"உனக்கு மாத்து உடுப்பு உன் ரூம்ல கட்டில் மேல வச்சிருக்கேன்" என்றாள், மகளின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே. "போய்ப் போட்டுக்கோம்மா. கிளம்பணும்."

இன்யங் அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள்.

கட்டிலின் மேல் கறுப்புத் துக்க உடையொன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல், தகப்பனை இழந்த மகள் தலையில் செருகிக்கொள்ளும் வெள்ளை ரிப்பன் ஊசி.