ஆமைக் காசு

“நீயெல்லாம் ஒரு அண்ணனா? நல்லா இருப்பியா நீ!” கெங்கம்மா ஒரு பிடி மண்ணை வாரிப் பொன்னுரங்கத்தின் மேல் தூற்றினாள். எண்ணூர் முகத்துவாரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தர்கூடத் தடுக்கவில்லை.

எப்படித் தடுப்பார்கள்? படகுகளை ஏற்றி நிறுத்துகிற, ஆமைகள் வந்து முட்டையிடுகிற அந்த மணல்மேட்டில் நிலக்கரிக் கிடங்கு வரப்போகிறதாம். அதற்கு ஊரிலிருந்தே கையெழுத்துப் போய்விட்டது என்று செய்தி வந்து எட்டு நாளாகிறது.

“நான் போடல கெங்கா. ஆத்தா மேல சத்தியம்.”

“செத்துப்போனவள ஏன் இழுக்குற? த்தூ!”

போன மாதம்தான் அதே மேட்டில் ஆமைப் பாதுகாப்பு விழா நடந்தது. வலையை அறுத்து ஆமைகளைக் கடலில் விட்டதற்காக, வீட்டுக்கொரு நினைவு நாணயம். ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் ‘வன உயிர் காப்போம்’. அசல் வெள்ளி.

மேடையில் ஒரு தாளின் மேல் நாணயப் பெட்டியை வைத்துக்கொண்டு, “வாங்குனதுக்கு இங்க கீழ மட்டும் ஒரு கையெழுத்தும்மா” என்று வெள்ளைச் சட்டைக்காரர் பேனாவை நீட்டினார். மகளிடம் கற்ற கையெழுத்தைப் பெருமையாகப் போட்டு, முதல் ஆளாக வாங்கியவள் கெங்கம்மாதான். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் தினம் ஒரு பூ வைத்தாள்.

பொன்னுரங்கம் மட்டும் மேடையேறவில்லை. “ஆமைக்கு நல்லது செய்றவன் ஆமைக்குச் செய்யட்டும். நமக்கு இன்னாத்துக்கு வெள்ளி?” என்று போய்விட்டான்.

கையெழுத்துச் செய்தி வந்ததும், “வெள்ளிய வேணாங்கறான்னா, வேற பெருசா வாங்கிக்கினு கீறான்” என்றது ஊர். கூடிப் பேசி அவனை விலக்கி வைத்தது. அவன் படகைத் தள்ள ஒரு கை வரவில்லை. அப்பன் போனபிறகு தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனா இப்படிச் செய்தான் என்று கெங்கம்மாவுக்கு வயிறு எரிந்தது.

மண் தூற்றிய மறுநாள், கல்யாண மண்டபத்தில் கிடங்கு பற்றி அரசின் கருத்துக் கேட்புக் கூட்டம். பொன்னுரங்கம் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். கெங்கம்மா நாணயத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

“இத்தப் பாரு சார், ஆமையக் காப்பாத்துனவங்க நாங்க. எங்க ஊரு சம்மதிக்கல. கையெழுத்து போட்டவன் ஒருத்தன்தான், எங்கண்ணன் பொன்னுரங்கம். அவன் பேர சத்தமா படி சார், எல்லாரும் கேக்கட்டும்!”

அதிகாரி தாள்களை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். புரட்டிப் புரட்டி மறுபடியும் பார்த்தார்.

“நூத்தி நாப்பது பேர் போட்டிருக்கீங்க. பொன்னுரங்கம்னு யாரும் இல்லையேம்மா.”

முதல் தாளை அவள் பக்கம் திருப்பினார். ‘நிலக்கரிக் கிடங்குக்குச் சம்மதிக்கிறோம்’ என்று மேல் பாதியில் கொட்டை எழுத்தில் இருந்தது. அன்று நாணயப் பெட்டி உட்கார்ந்திருந்த இடம் அது.

அவள் பார்வை கீழே இறங்குவதற்குள் அதிகாரி கேட்டுவிட்டார்:

“முதல் கையெழுத்து, கெங்கம்மா. அது நீங்கதானே?”