பத்து எண்ணும் வரை

சீமைக் கேமரா வாங்க வக்கில்லாத காசிமாயன், ஏலக்காய்ப் பெட்டிப் பலகையையும் கிழிந்த குடைத்துணியையும் வைத்துத் தானே ஒரு பெரிய கேமராவைச் செய்து, போடியிலிருந்து மலைக்குத் தூக்கி வந்திருந்தான்.

"படம் சரியா விழலேன்னா பெட்டி அடுப்புக்குத்தான்" என்றார் எஸ்டேட் முதலாளி சீனிச்சாமி, நாற்காலியில் சாய்ந்தபடி.

"மலிவு லென்சு, மொதலாளி. நான் பத்து எண்ணுற வரைக்கும் ஆடக் கூடாது."

"எனக்கே உத்தரவா?" என்றவர், பின்னால் குடை பிடித்து நின்ற சுருளியம்மாளை அதட்டினார். "ஏய், படத்துல குடை மட்டும் தெரியட்டும். நீ தெரியக் கூடாது."

காசிமாயன் மூடியைக் கழற்றி எண்ணினான். இரண்டில் முதலாளி மீசையை முறுக்கினார். ஐந்தில் திரும்பி, காய் பறிப்பவர்களை ஏசினார். எட்டில் மறுபடியும் மீசை.

கழுவி எடுத்து வந்த படத்தில், நாற்காலியில் ஒரு புகை மட்டும் உட்கார்ந்திருந்தது. பின்னால் சுருளியம்மாள், சேலைத் தையலை எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவாக நின்றாள்.

படத்தைப் பார்த்த கையோடு முதலாளி, தான் சொன்னபடியே செய்தார். பெட்டி எரிவதைப் பார்த்தபடி நின்ற காசிமாயன், பக்கத்தில் நின்றவளிடம் கேட்டான்.

"எப்படி ஆத்தா அசையாம நின்ன?"

"நீ எண்ண ஆரம்பிச்சதே எனக்குத் தெரியாது அப்பு" என்றாள் சுருளியம்மாள். "பதினாறு வருசமா அப்படித்தான நிக்கிறேன்."