மேனேஜர் போட்ட கணக்கு

"என்னை வேற டீமுக்கு மாத்திடுங்க சார். இன்னிக்கே!"

வால்வு டிசைன் செய்யும் அவள் உட்காரக்கூட இல்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"யாரோட பிரச்சினை?"

"டெஸ்டிங் இன்ஜினியரோடதான். நான் எதை வரைஞ்சாலும் குத்தம் கண்டுபிடிக்கிறார். வாயைத் திறந்தா சண்டை."

புது மேனேஜருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்த இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட கணக்குக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"யார் யாரோட சேர்ந்து வேலை செஞ்சா எத்தனை வால்வு பழுதாகுதுன்னு மூணு வருஷத்து ரெக்கார்டுல பார்த்தேம்மா. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுச் செஞ்சதுலதான் பழுதே கம்மி. உங்களைப் பிரிக்கவே கூடாது!"

அவள் நடை நின்றது. திரையையே வெறித்தாள்.

"இதைப் போன வாரமே காட்டியிருக்கக் கூடாதா சார்?" குரல் உடைந்தது. "நேத்துதான் எனக்கும் அவருக்கும் விவாகரத்து ஆச்சு."