ஓரத்தில் நிற்கும் பெயர்

“என் வேலைய எல்லாம் பரீது அண்ணன் தன் பேருக்கு மாத்திக்கிடுதாரு மேடம்.”

சொல்லிவிட்டு, குழல்வாய்மொழி லேப்டாப்பை உமாதேவியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

தென்காசியில் ஒரு மாடியைப் பிடித்து, ஆறு பேரை வைத்து சாப்ட்வேர் கம்பெனி நடத்துகிற உமாதேவிக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. எழுதுகிறவர்களைக் கட்டி மேய்க்கத் தெரியும். அதுவே பெரும்பாடு.

“இதுல நான் என்னத்தப் பாக்கணும்?”

“ஏதாவது ஒரு வரி மேல மௌஸ வைங்க. ஓரத்துல பேரு வருதா?”

வந்தது. புரோகிராம் எழுதப் பயன்படும் மென்பொருளான ஐ.டி.இ.யில் அப்படி ஒரு வசதி. எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். பரீது என்று இருந்தது. அடுத்த வரியிலும் பரீது. அதற்கடுத்த வரியிலும் அவரேதான்.

“எழுதுனது பூராவும் நான். சாயங்காலமானா அவரு வந்து, வரிசையா இல்ல, எடம் சரியா விடலன்னு ஒரு பட்டனத் தட்டுதாரு. எல்லா வரியும் நேரா நிக்கும். பேரும் அவருக்குப் போயிரும். பாடுபடுதது நான், பேரு அவருக்கா?”

நியாயமான கேள்விதான். வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு ஆறு மாதப் பயிற்சி முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் கடிதம் உமாதேவியின் கையெழுத்துக்காக மேஜையில் கிடக்கிறது. ஐ.டி.இ. காட்டுவதை நம்பினால், இந்தப் பெண் ஆறு மாதமாக ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் ஆகும்.

பரீது மேல் உமாதேவிக்கு ஏற்கெனவே கொஞ்சம் எரிச்சல் உண்டு. வாயைத் திறந்தால் ஒழுங்கு, நேர்த்தி என்று உயிரை வாங்குகிற ஆள். அடுத்தவர் மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தாலும் நிமிர்த்திவிட்டுத்தான் போவார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. குற்றாலத்து லாட்ஜ்காரர் குற்றாலீஸ்வரன். அவருடைய லாட்ஜுக்கு, வெளியூர்க்காரர்கள் செல்போனிலேயே அறை பிடிக்கிற மாதிரி ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தார்கள். அது போன வாரம்தான் ஓடத் தொடங்கியிருந்தது.

“யம்மா, என்ன சாப்ட்வேரு செஞ்சு குடுத்திருக்கீய? மதுரையில இருந்து ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் போட்டிருக்காவ. போன் நம்பர்ல ஒரு எண்ணு கொறஞ்சு போச்சு. அதுக்கு என்ன வருது தெரியுமா? ‘ஏட்டி, கண்ணு எங்க இருக்கு? நம்பரப் பாத்துப் போடு.’”

“ஐயையோ அண்ணாச்சி!”

“அம்பத்தஞ்சு வயசு பொம்பளையாளப் பாத்து, சின்னப் பொட்டப்பிள்ளைய அடியேன்னு வெரட்டுத மாதிரி ஏட்டியா? அவுக என்னைய ஏசுதாவ. சாரல் சீசன்ல எனக்கு இது தேவையா? எழுதுன ஆளு இன்னைக்கே இங்கன வந்து நிக்கணும். இல்லன்னா நான் வேற கம்பெனியப் பாத்துக்கிடுதேன்.”

போனை வைத்த உமாதேவி லேப்டாப்பைக் குழல்வாய்மொழி பக்கம் திருப்பினாள்.

“லாட்ஜு வெப்சைட்ல ‘ஏட்டி, கண்ணு எங்க இருக்கு’ன்னு வருதாம். அந்த வரி எங்க இருக்குன்னு தேடு.”

குழல்வாய்மொழி அதிகம் தேடவில்லை. சட்டென்று எடுத்துக் காட்டினாள். நல்ல சுறுசுறுப்பு என்று உமாதேவி நினைத்துக்கொண்டாள்.

ஓரத்தில் பெயர் வந்தது. பரீது.

கூப்பிட்டதும் வந்தார்.

“பாய், இது நீங்க எழுதுனதா?”

பரீது குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார்.

“நான்தான் மேடம். டெஸ்ட் பண்ணும்போது எனக்கு நானே சொல்லிக்கிட்டது. எடுக்க மறந்துட்டேன்.”

உமாதேவிக்குப் பொறுக்கவில்லை. மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“ஊரான் எழுதுனத எல்லாம் நேராக்கத் தெரியுது, சொந்த வரிய எடுக்கத் தெரியலையா? இந்தப் பிள்ளை பாடுபட்டதுக்கு ஒங்க பேரு. ஒங்களுக்கே நல்லாருக்கா?”

“இல்ல மேடம்.”

“குற்றாலத்துக்குப் போயி அண்ணாச்சிகிட்ட நேர்ல மன்னிப்புக் கேளுங்க. அடுத்த புராஜெக்டுக்கு நீங்க லீடர் கெடையாது.”

“சரி மேடம்.”

பைக் சாவியை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார்.

உமாதேவிக்கு மனசு ஆறியது. கடிதத்தைப் பக்கத்தில் இழுத்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

“ஒனக்கு வேலை உறுதிம்மா. சந்தோசமா?”

“ரொம்ப தேங்க்ஸ் மேடம். இனிமே நான் எழுதுன எல்லா வரியிலயும் என் பேருதான் வரணும்.”

“வரும், வரும். இரு, மொதல்ல அந்த டீச்சருக்கு ரெண்டு வார்த்தை எழுதிருதேன். பாவம், அவுங்க மனசு என்ன பாடு படுதோ.”

குற்றாலீஸ்வரன் அனுப்பியிருந்த எண்ணுக்கு வாட்ஸப்பில் எழுதத் தொடங்கினாள். ‘மன்னிக்கவும் அம்மா. அது உங்களைச் சொன்னதல்ல. எங்கள் ஊழியர் டெஸ்ட் செய்யும்போது, தன்னைத்தானே ஏட்டி என்று…’

விரல் அங்கேயே நின்றது.

கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேருக்கும் மீசை இருந்தது. ஐந்தாவது ஆள் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஆறாவது ஆள் எதிரே நின்றாள். உமாதேவி நிமிர்ந்து பார்த்ததும் அவள் தலை குனிந்தது.

உமாதேவி பேனாவை மூடி, கையெழுத்தில்லாத கடிதத்தின் மேல் வைத்தாள்.

“எல்லா வரியிலயும் ஒன் பேரு வரணும்னு கேட்டேல்லா, நியாயந்தான். மொதல்ல இந்த வரியில போடு. எந்த ஆம்பளையும் தனக்குத்தானே ‘ஏட்டி’ன்னு சொல்லிக்கிட மாட்டான்.”